கம்யூனிட்டி காலேஜில் ஐந்து செமஸ்டர் படித்தவள் சொல்கிறேன்

2022 ஆகஸ்டிலிருந்து 2024 டிசம்பர் வரைக்கும், ஐந்து செமஸ்டர், கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் படித்தேன். அக்கவுன்டிங் சர்ட்டிஃபிகேட். எந்தக் காலேஜ் என்று சொல்லப் போவதில்லை. நான் பட்ட கஷ்டங்கள் எந்தக் காலேஜிலும் நடக்கக்கூடியவை, அதை ஒரு இடத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாக இருக்காது. ஆனால் கோயிலில், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு நிற்கும் பார்க்கிங்கில், ஊரிலிருந்து வரும் போனில் என்று ஆளாளுக்கு இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லி எனக்கே எதை யாரிடம் சொன்னேன் என்று மறந்துபோகிறது, அதனால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் பெயர். அம்மாவிடம் போனில் 'கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறேன்' என்றதும் அவர் கேட்டது, "எந்தக் கம்யூனிட்டிக்காரங்க நடத்துறதுடி?" அவர் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் கம்யூனிட்டி என்றால் தாசில்தார் ஆபீசில் வாங்கும் சர்ட்டிஃபிகேட்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இங்கே அந்தச் சொல்லுக்குச் சுற்று வட்டாரத்து மக்கள் என்று பொருள், அவ்வளவுதான். அந்த வட்டாரத்து மக்களுக்காக அரசுப் பணத்தில் நடக்கும் காலேஜ். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் சமுதாயக் கல்லூரி என்று ஒன்றைத் தொடங்கியது, தமிழ்நாட்டிலும் பிறகு பல இடங்களில் வந்தது. அவை பெரும்பாலும் கைத்தொழில் டிப்ளமோ தருபவை. இங்கே இருப்பது அதைவிட ரொம்பப் பெரிய அமைப்பு. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். ஒரே இடத்தில் கார் மெக்கானிக் வேலையும் கற்கலாம், நர்ஸ் ஆகலாம், முதல் இரண்டு வருடம் டிகிரிப் பாடம் படித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்கு பெர்க்லி பல்கலைக்கழகம் போகலாம், அறுபது வயதில் மண்பாண்டம் செய்யவும் கற்றுக்கொள்ளலாம்.

நம் ஆட்களிடம் இதைப் பற்றி ஒரு இளக்காரம் உண்டு, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். "பையன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டால், கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்லும் அப்பாவின் குரல் இறங்குகிறது. மார்க் இல்லாதவன் போகிற இடம் என்று ஒரு நினைப்பு. மார்க் இல்லாதவனையும் சேர்த்துக்கொள்வார்கள், அது உண்மை. 1960இல் கலிஃபோர்னியா உயர்கல்விக்கு ஒரு பெரிய திட்டம் போட்டது. பள்ளியில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு பெர்க்லி மாதிரியான யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பல்கலைக்கழகங்கள், பயன்பெறக்கூடிய மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கிருந்து மேலே ஏறிப் போகவும் வழி வைத்தார்கள். ஆகவே எல்லோரையும் சேர்த்துக்கொள்வது குறை இல்லை, அதற்காகவே கட்டப்பட்டது அது. கட் ஆஃப் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, டொனேஷன் கிடையாது. பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும். ஆப்பிளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் கூபர்டினோவின் டி ஆன்சா காலேஜில் படித்தவர்தான். யூசிக்கு மாற்றலாகி வரும் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருபவர்கள். கடைசியில் கையில் வாங்கும் டிகிரியில் முதல் இரண்டு வருடம் எங்கே படித்தான் என்று போட்டிருக்காது.

சரி, பணம். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர் என்று கணக்கில் வந்துவிட்டால் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர். 2012 முதல் அதே கட்டணம்தான். டி ஆன்சா, ஃபுட்ஹில் மாதிரி செமஸ்டருக்குப் பதில் பன்னிரண்டு வாரக் குவார்ட்டர் முறையில் நடக்கும் காலேஜ்களில் ஒரு குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். நான் எடுத்த முதல் அக்கவுன்டிங் வகுப்பு 4 யூனிட், அதாவது 184 டாலர், அதோடு ஹெல்த் ஃபீஸ் அது இது என்று கொஞ்சம். பே ஏரியாவில் இந்தப் பணத்துக்கு நான்கு பேர் குடும்பமாக நல்ல ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடலாம். அதே பணத்தில் நான்கு மாதம் ஒரு முழுப் பாடம்.

ஆனால் எனக்கு முதலில் வந்த பில் 184 இல்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அப்ளிகேஷனில் விசா என்ன என்று கேட்ட இடத்தில் எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) என்று போட்டிருந்தேன், சிஸ்டம் என்னை வெளியூர் ஆளாக்கி நான்-ரெசிடென்ட் கட்டணம் போட்டுவிட்டது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் "நமக்கெல்லாம் இது கட்டுப்படியாகாது" என்று விட்டுவிடுகிறார்கள், எனக்குத் தெரிந்தே மூன்று பேர். எச்-4இல் இருப்பவர்கள் கலிஃபோர்னியா ரெசிடென்ட் ஆக முடியும். எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்கள், பி விசாவில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி சில வகையினருக்குத்தான் அது முடியாது. எச்-1பி, எச்-4 இரண்டுக்கும் அந்தத் தடை இல்லை. செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முன்பு ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கப் போகிறோம் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். நான் கொண்டுபோனது: எங்கள் இருவர் பெயரும் போட்ட வாடகை ஒப்பந்தம், போன வருடம் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டாகத் தாக்கல் செய்த வரிப் படிவம், என் டிரைவிங் லைசென்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், விசா தாள்கள். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி முதலில் "எச்-4க்கு முடியாது" என்றார். நான் விடவில்லை, உங்கள் காலேஜின் வெப்சைட்டிலேயே இருக்கிறதே என்று போனில் எடுத்துக் காட்டினேன், உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஒன்பது நாளில் பில் மாறியது. அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வந்திருந்தால் இந்த ஐந்து செமஸ்டரும் இல்லை.

ஊரிலிருந்து புதிதாக வரும் பெண்களுக்கு இதற்காகவே ஒன்று சொல்வேன். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள், பேங்க் கணக்கில் உங்கள் பெயரையும் சேருங்கள், லைசென்சோ ஸ்டேட் ஐடியோ வந்த உடனே வாங்குங்கள். வந்த முதல் மாதத்தில் வீட்டுக்காரர் பெயரிலேயே எல்லாம் போய்விடும், நமக்கும் அப்போது தோன்றாது, ஒரு வருடம் கழித்து நாம் இங்கே வாழ்ந்ததற்கு நம் பெயரில் ஒரு தாள் இருக்காது.

வகுப்பு எப்படி இருக்கும்? இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முதல் நாள், மாலை ஆறு மணி வகுப்பு, கார் நிறுத்த இடம் தேடி ஓடிவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் இடது பக்கம் பதினேழு வயதுப் பையன், இன்னும் ஹைஸ்கூலில் படிப்பவன். வலது பக்கம் அறுபதைத் தாண்டிய ஒருவர், முப்பது வருடம் சொந்தமாக நூடுல்ஸ் கடை நடத்தியவர், மகளிடம் கடையைக் கொடுக்கும் முன்பு கணக்கை ஒழுங்காக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வந்தவர். ஆசிரியை போர்டில் பெரிதாக டி (T) எழுத்து ஒன்று போட்டார். இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதுரையில் பிளஸ் ஒன் வகுப்பில் கணக்குப்பதிவியல் டீச்சர் பற்று, வரவு என்று போட்ட அதே டி. மூன்று வருடமாக எதுவும் தெரியாதவள் மாதிரி இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருந்தேன், அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கும் ஒன்று தெரியும் என்று ஞாபகம் வந்தது. நூடுல்ஸ் கடைக்காரருக்குத் தேய்மானம் புரியவில்லை, இடைவேளையில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் கடையின் பெரிய அடுப்பை வைத்தே சொன்னேன், எட்டாயிரம் டாலருக்கு வாங்கியது, எட்டு வருடம் உழைக்கும், வருடத்துக்கு ஆயிரம் என்று. அடுத்த வாரம் அவர் தன் அடுப்பு, ஃபிரிட்ஜ், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்து வந்திருந்தார்.

வகுப்பில் முப்பது முப்பத்தைந்து பேர்தான். யூசியில் முதல் வருடப் பாடங்களுக்கு முந்நூறு பேர் உட்காரும் ஹால் சாதாரணம், இங்கே ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும். ஆராய்ச்சிக்காக இல்லை, பாடம் நடத்துவதற்காகவே சம்பளம் வாங்குபவர்கள். ஆனால் அவர்களில் நிறையப் பேர் பகுதிநேர ஆசிரியர்கள், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டிஸ்டிரிக்ட்டில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள காலேஜ்கள்) முழு வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேர ஆசிரியருக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம், அதனால் காலையில் ஒரு காலேஜ், மதியம் இன்னொரு ஊரில் இன்னொரு காலேஜ் என்று ஓடுகிறார்கள். ஃப்ரீவே ஃபிளையர் என்றே அவர்களுக்குப் பெயர். என் டாக்ஸ் ஆசிரியர் அப்படி ஒருவர். அவருக்குத் தனி அறை கிடையாது, சந்தேகம் கேட்க வேண்டுமானால் வகுப்புக்கு முன்னால் இருபது நிமிடம் லைப்ரரி வாசலில் நிற்பார். நான் படித்ததிலேயே சிறந்த ஆசிரியர் அவர்தான். அடுத்த செமஸ்டர் தேடினால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இப்படிப்பட்டவர்களை இப்படி நடத்துவது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தால், அந்த செமஸ்டர் முடிவதற்குள் கேட்டு வாங்கி, அவருடைய சொந்த இமெயிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே காலை வாரிவிடும். கடைசிப் பரீட்சைக்கு மூன்று நாள் விழுந்து படித்துத் தேறும் பழக்கம். இங்கே மார்க் முழுக்கச் சில்லறையாகச் சிதறிக் கிடக்கும். வாரா வாரம் வீட்டுப்பாடம், குவிஸ், டிஸ்கஷனில் எழுதுவது, இரண்டு மிட்டெர்ம், அப்புறம்தான் ஃபைனல். ஃபைனலுக்கு இருபது இருபத்தைந்து சதவீதம் இருந்தால் பெரிது. ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேர உழைப்பு என்பது கணக்கு, 4 யூனிட் வகுப்புக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர் காலேஜில் அதையே பன்னிரண்டு வாரத்துக்குள் அடைப்பார்கள், ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தால் எழுந்திருக்கும்போது மிட்டெர்ம் வந்திருக்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் செமஸ்டர் காலேஜாகப் பார்த்துச் சேர்வது நல்லது என்பது என் கருத்து. ஃப்ரீமாண்டில் ஒலோனி, சாண்டா கிளாராவில் மிஷன் இரண்டும் செமஸ்டர்.

அப்புறம், என் பெரிய தப்பு. இரண்டாவது செமஸ்டர், ஜனவரி கடைசியில் வகுப்பு ஆரம்பம். அந்தத் தையில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், மதுரை போயிருந்தேன். ஆன்லைன் வகுப்புதானே, முதல் வாரம் என்ன நடத்திவிடப் போகிறார்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது இமெயில் வந்தது: முதல் வாரம் அறிமுகப் பதிவு போடாததால் உங்களை வகுப்பிலிருந்து நீக்கியிருக்கிறோம். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், எனக்கு இறங்கவில்லை. அங்கேயே ஆசிரியருக்கு எழுதினேன். இடம் வெயிட்லிஸ்டில் இருந்தவருக்குப் போய்விட்டது, மன்னிக்கவும் என்று பதில். அந்த வகுப்பு அடுத்த வருடம்தான் மறுபடி வந்தது, என் சர்ட்டிஃபிகேட் அதனாலேயே ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. பிறகுதான் காரணம் புரிந்தது. இல்லாத ஆட்களின் பெயரில் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து அரசு உதவிப் பணத்தைச் சுருட்டும் கும்பல்கள் கலிஃபோர்னியா முழுக்க இருக்கின்றன, அவர்களை வடிகட்டத்தான் முதல் வாரமே உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கிறார்கள். ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் மட்டும் முதல் நாளே கேன்வாஸ் என்கிற வகுப்பு வெப்சைட்டில் உள்ளே போய், கேட்டதை எழுதிவிடுங்கள், இரண்டு வரி போதும்.

இதிலேயே ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. இப்படி ஆட்கள் நீக்கப்படுவதால் முதல் வாரம் வெயிட்லிஸ்ட் கிடுகிடுவென்று நகரும். வகுப்பு நிரம்பிவிட்டது என்று காட்டினாலும் பெயரைக் கொடுத்துவிட்டு முதல் வகுப்புக்குப் போய் உட்காருங்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் ஆட் கோட் கேளுங்கள், அந்த எண்ணைப் போட்டால் உள்ளே போய்விடலாம். வெயிட்லிஸ்டில் பதினொன்றாவதாக இருந்து இடம் வாங்கியிருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பதிவு செய்யும் நாள் கடைசியில்தான் வரும், நல்ல நேரம், நல்ல ஆசிரியர் எல்லாம் அதற்குள் போய்விட்டிருக்கும். முதல் செமஸ்டர் அப்படித்தான், சலித்துக்கொள்ள வேண்டாம். யூனிட் சேரச் சேர உங்கள் முறை முன்னால் வரும்.

வகுப்பு ஒத்துவரவில்லை என்றால் சும்மா போகாமல் விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில், செமஸ்டர் காலேஜில் பொதுவாக முதல் இரண்டு வாரத்துக்குள், டிராப் செய்தால் பணம் திரும்பும், ரெக்கார்டிலும் ஒன்றும் ஏறாது. அதைத் தாண்டினால் டபிள்யூ (பாதியில் விலகியவர்) என்று விழும். அதையும் தாண்டி விட்டுவிட்டால் எஃப், அதாவது ஃபெயில். ஒரே பாடத்தை மொத்தம் மூன்று முறைதான் முயலலாம், டபிள்யூவும் அதில் ஒரு முறையாகக் கணக்கு. இந்தத் தேதிகளை வகுப்புக்கு வகுப்பு கேலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

புத்தகம் பற்றி ஒன்று. முதல் செமஸ்டர் விவரம் தெரியாமல், ஆன்லைன் வீட்டுப்பாடத்துக்கான ஆக்சஸ் கோடோடு புத்தகம் வாங்கினேன், 130 டாலர், கட்டணத்தில் முக்கால்வாசி. வகுப்புப் பட்டியலில் புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்குத் தனி அடையாளம் போட்டிருப்பார்கள், போட்டே ஆக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட வகுப்பாகத் தேடி எடுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்களை வைத்து நடத்துபவர்கள் நிறைய, அவை முழுக்க இலவசம். மற்றதற்கு லைப்ரரியில் ரிசர்வ் என்று வைத்திருப்பார்கள், இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். டியூட்டரிங் சென்டரும் இலவசம். இங்கிலீஷில் எழுதப் பயம் என்று என்னிடம் நிறையப் பெண்கள் சொல்கிறார்கள், எனக்கும் இருந்தது. கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ரைட்டிங் சென்டர் போனால் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பார்கள், மார்க் போட மாட்டார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இனி பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்களுக்கு. ஹைஸ்கூலில் படிக்கும்போதே இங்கே வகுப்பு எடுக்கலாம், 11 யூனிட் வரைக்கும் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்த பையன் அப்படி வந்தவன்தான். ஆனால் ஒன்று, அதில் வாங்கும் கிரேடு காலத்துக்கும் நிற்கும். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்து வாங்கிய டி (D) கிரேடு யூசி அப்ளிகேஷனில் கூடவே வரும். பிள்ளை தயாராக இருந்தால் மட்டும் எடுக்க விடுங்கள், பக்கத்து வீட்டுப் பெண் எடுக்கிறாள் என்பதற்காக வேண்டாம்.

யூசிக்கு மாறுவதுதான் எண்ணம் என்றால், அசிஸ்ட் என்கிற அரசு வெப்சைட்டை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ள வேண்டும். இந்தக் காலேஜின் இந்தப் பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று ஒவ்வொரு மேஜருக்கும் (முக்கியப் பாடத்துக்கும்) தனித்தனியாக அதில் இருக்கும். எங்கள் அபார்ட்மென்ட் பையன் ஒருவன், பொருளாதாரம் படிக்க வேண்டும் என்றவன், காலேஜில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் சொன்னார் என்று பிசினஸ் கால்குலஸ் எடுத்தான். அவன் ஆசைப்பட்ட கேம்பஸ் கேட்டதோ கணிதத் துறையின் கால்குலஸ் வரிசை. இரண்டாம் வருடம் அப்ளிகேஷன் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஒரு வருடம் போச்சு. கவுன்சிலர் கெட்டவர் இல்லை, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரு சில கவுன்சிலர்கள், அரை மணி நேரத்தில் உங்கள் பிள்ளையின் இரண்டு வருடத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அசிஸ்ட் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் "இதில் எது விட்டுப்போகிறது?" என்று கேட்டால் அதே கவுன்சிலர் அருமையாகச் சொல்வார்.

மூன்றாம் வருடத்தில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், குவார்ட்டராக இருந்தால் 90. யூசியில் ஆறு கேம்பஸ்கள், டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ், இவை டேக் என்று ஒரு உறுதி தருகின்றன. கேட்ட பாடங்களை முடித்துக் கேட்ட ஜிபிஏ (சராசரி கிரேடு) வைத்திருந்தால் இடம் நிச்சயம். ஒரே ஒரு கேம்பஸுக்குத்தான் போடலாம், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் டேக் தருவதில்லை, அங்கே போட்டிதான். எல்லா மேஜருக்கும் டேக் உண்டு என்றும் நினைக்காதீர்கள், சாண்டா பார்பராவில் பொறியியல் கல்லூரிக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் சயன்ஸ் மட்டும்தான் படிப்பேன், அதுவும் பெர்க்லியில்தான் என்று இருக்கும் பிள்ளைக்குக் கம்யூனிட்டி காலேஜ் குறுக்குவழி இல்லை, இதை மனதில் வைத்துக்கொண்டு சேர்க்கவும். ஸ்டேட் பல்கலைக்கழகங்களுக்கு ஏடிடி என்று தனி டிகிரி இருக்கிறது, அதை முடித்தால் அந்த அமைப்பில் எங்காவது ஒரு இடம் உறுதி, நாம் கேட்ட சான் ஹோசேதான் கிடைக்கும் என்று இல்லை. பொதுப் பாடங்களுக்கு 2025 இலையுதிர் காலத்திலிருந்து கால்-கெட்சி என்று ஒரே பட்டியல் வந்துவிட்டது, அண்ணன் படித்த காலத்துப் பழைய பட்டியலைத் தம்பிக்கு வைக்காதீர்கள்.

ஊரிலிருந்து எஃப்-1 விசாவில் அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்கிறேன். மேலே சொன்ன 46 டாலர் அவர்களுக்கு இல்லை. பல மடங்கு ஆகும். யூசியில் நான்கு வருடம் படிப்பதை ஒப்பிட்டால் அப்போதும் முதல் இரண்டு வருடத்தில் பெரிய மிச்சம்தான், ஆனால் வாடகை இருக்கிறதே. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜில் ஹாஸ்டல் கிடையாது. ஆரஞ்ச் கோஸ்ட் காலேஜ், சாண்டா ரோசா மாதிரி சில இடங்களில் இப்போது கட்டியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை தானே அறை தேடி, தானே சமைத்து, பஸ் பிடித்துப் போய் வர வேண்டும். செமஸ்டருக்கு 12 யூனிட் கட்டாயம், அந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றைத்தான் சேர்ப்பார்கள். கேம்பஸுக்குள் மட்டும் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். இரண்டு வருட டிகிரி முடித்தால் ஓபிடியில் (படிப்பு முடித்த மாணவருக்குத் தரும் வேலை அனுமதி) 12 மாதம் வேலை பார்க்க வழி உண்டு, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு அந்த டிகிரிக்குக் கிடையாது. இதெல்லாம் தெரிந்து, பிள்ளைக்கும் தனியாக நிற்கும் துணிச்சல் இருந்து, இரண்டு வருடத்தில் மாறிப் போவதற்கான பாடத் திட்டமும் கையில் இருந்தால் அனுப்பலாம். ஹாஸ்டல், மெஸ், வார்டன் என்று நினைத்து அனுப்பினால் பிள்ளை திண்டாடிவிடும்.

எச்-4இல் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 21 வயதில் அந்த விசா முடிந்து எஃப்-1க்கு மாறினால் கட்டண வகையும் மாறிவிடலாம். அந்தப் பிறந்தநாள் எந்த வருடப் படிப்பின் நடுவில் வருகிறது என்று முன்கூட்டியே எண்ணி, காலேஜிலும் வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னை மாதிரி வந்த பெண்களுக்குக் கடைசியாக. படிப்பதற்கு எச்-4 போதும், எந்த அனுமதியும் வேண்டாம். வேலைக்குத்தான் இஏடி என்கிற வேலை அனுமதி அட்டை வேண்டும், அது பொதுவாகக் கணவருக்கு கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகியிருந்தால்தான் கிடைக்கும், கேம்பஸில் இருக்கும் சின்ன வேலைக்குக்கூட. ஆகவே இஏடி வந்ததும் படிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், வரும் முன்பு படித்து முடித்துவிட்டு உட்காருங்கள். எனக்கு நான்காவது செமஸ்டர் நடுவில் வந்தது, அந்தக் கோடையிலேயே ஒரு சின்ன கணக்கு ஆபீசில் பகுதிநேரம் சேர்ந்தேன். குழந்தைகளோடு வேலை பார்க்கப் பிடிக்கும் என்பவர்கள் எர்லி சைல்ட்ஹூட் வகுப்புகளைப் பாருங்கள், லைசென்ஸ் உள்ள பிரீஸ்கூலில் ஆசிரியையாக 12 யூனிட் முக்கியத் தகுதி, என் தோழிகள் இருவர் அந்த வழியில் போனார்கள். பி.காம் படித்துவிட்டு சிபிஏ (இந்த ஊர் ஆடிட்டர் தேர்வு) எழுத நினைப்பவர்களும் குறைகிற அக்கவுன்டிங் யூனிட்டுகளை இங்கே எடுத்து நிரப்புகிறார்கள், ஆனால் நம் ஊர் டிகிரியை மதிப்பீடு செய்து வாங்கிய பிறகு எத்தனை குறைகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரவழைக்க எனக்கு நான்கு மாதம் ஆனது, அப்பாதான் நேரில் போய் மூன்று தடவை நின்றார். அதற்கு இன்றைக்கே எழுதிப் போட்டுவிடுங்கள்.

கார் ஓட்டத் தெரியாது என்று தள்ளிப்போடுபவர்களுக்கு: டி ஆன்சாவுக்கு ஸ்டீவன்ஸ் க்ரீக் வழியாக 23ஆம் எண் விடிஏ பஸ் நேராகப் போகிறது. மற்ற காலேஜ்களுக்கும் பஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வகுப்பு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவு ஒன்பதரைக்கு முடியும் வகுப்பு என்றால் திரும்பி வர எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.